கறுவலின் வாந்தியும் வவுனியாவில் ஒரு செல்லப்பிராணி சிகிச்சை நிலையமும்

ஒட்டுசுட்டானுக்கு அருகிலுள்ள எங்கள் ஊரிலிருந்து மாங்குளம் சந்தி வழியாக வவுனியாவுக்குப் போனால் ஏறத்தாழ 70 கிலோமீற்றர் வரும். அவ்வளவு தூரம் ஒரு பூனையை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் வந்தேன் என்று பாடசாலையில் சொன்னபோது, என்னுடன் படிப்பிக்கும் ஆசிரியைகள் இருவர் வாய்விட்டுச் சிரித்தார்கள். மாட்டுக்காகப் போயிருந்தால் எவரும் சிரித்திருக்க மாட்டார்கள். மாடு பால் தரும், கன்று போடும், விலைக்கும் போகும். எங்கள் பக்கத்துக் கால்நடைச் சேவைகளும் இந்தக் கணக்கை வைத்தே அமைந்திருக்கின்றன என்பதை அந்த மூன்று நாள்களில் கண்டுகொண்டேன்.

நான் போன சிகிச்சை நிலையத்தின் பெயரை எழுதவில்லை. நிறைகளோடு குறைகளையும் சொல்லவிருக்கிறேன். ஒரேயொரு வைத்தியரும் இரண்டு உதவியாளர்களும் கொண்டு நடத்தும் ஓர் இடத்தின் பெயரைப் போட்டுக் குறை எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை.

கறுவல் நான்கு வயதுக் கடுவன். ஒரு வியாழக்கிழமை காலையில், சோறும் சூடை மீனும் பிசைந்து வைத்த தட்டை முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போய், நெல் மூட்டைகளுக்குப் பின்னால் முன்னங்கால்களை உள்ளே மடித்துக் குந்திக்கொண்டது. மத்தியானத்துக்குள் மூன்று தரம் வெள்ளை நுரையாகக் கக்கியது. பின்னேரம் கக்கியது மஞ்சளாக இருந்தது. இடையிடையே எதையோ விழுங்க முயல்வது போல் தொண்டையை அசைத்து, ஒரு முன்னங்காலால் வாயோரத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. அந்தத் தட்டலை நான் கண்டேன். ஆனால் அதைப் பொருட்படுத்தவில்லை.

அயல்வீட்டு அக்கா, “புல்லுத் திண்டிருக்கும் ரீச்சர், கக்கினால் சரியாப் போயிடும்” என்றார். அது முழுவதும் பிழையான பேச்சன்று. புல்லைத் தின்றோ உரோமத்தை நக்கி விழுங்கியோ ஒரு தரம் கக்கிவிட்டு, அரை மணித்தியாலத்தில் வந்து தட்டைக் கேட்கும் பூனைக்கு எதுவும் செய்யத் தேவையில்லை. கக்குவதோடு சாப்பாட்டையும் விட்டுவிட்ட பூனையின் நிலை வேறு. நாய் இரண்டு நாள் பட்டினி கிடந்தால் தாங்கும். பூனை, அதிலும் கொழுத்த பூனை, இரண்டு மூன்று நாள் ஒன்றும் உண்ணாமல் இருந்தால் உடம்பிலுள்ள கொழுப்பு ஈரலில் போய்த் தேங்கி, முதல் வந்த நோய் மாறினாலும் ஈரல் நோயால் இறந்துபோகக்கூடும். ஆகையால் வளர்ந்த பூனை ஒரு முழு நாள் உண்ணாமல் கக்கிக்கொண்டும் இருந்தால் அதற்கு மேல் காத்திருக்கக்கூடாது. குட்டியென்றால் அரை நாள்கூடப் பார்க்கக்கூடாது.

இதெல்லாம் பிறகு அறிந்துகொண்டவை. வியாழன் பின்னேரம் நான் செய்தது, சந்தியிலுள்ள பாமசிக்குப் போனதுதான். அங்கு நின்றவர் பூனையின் வயதையோ நிறையையோ கேட்கவில்லை. “காய்ச்சலாக்கும்” என்று சொல்லி, சிறுவர்களுக்குக் கொடுக்கும் பரசிற்றமோல் பாணிப் போத்தல் ஒன்றை எடுத்து வைத்து, ஒரு தேக்கரண்டி பருக்கச் சொன்னார். நான் படித்தவள், பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிப்பவள். அப்படியிருந்தும் மறு பேச்சுப் பேசாமல் காசைக் கொடுத்து வாங்கி வந்தேன். கறுவல் வாயைத் திறக்க மறுத்து என் கையைப் பிறாண்டிவிட்டு ஓடியதனால்தான் அந்தப் பாணி அதன் வயிற்றுக்குள் போகவில்லை. பனடோல் என்று நாம் வீட்டில் சொல்லும் அந்த மருந்தை உடைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. அது உடம்பில் தங்கி, ஒட்சிசனைக் காவும் குருதியின் தன்மையைக் கெடுத்துவிடும். பல் முரசு கபில நிறமாகும், முகமும் பாதங்களும் வீங்கும். நாங்கள் தலையிடிக்குப் போடும் 500 மில்லிகிராம் குளிசை ஒன்றே 4 கிலோகிராம் நிறையுள்ள பூனையைக் கொன்றுவிடக்கூடியது. அந்தப் பாணியின் ஒரு தேக்கரண்டியில் 120 மில்லிகிராம் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்கு அரச கால்நடை வைத்திய அலுவலகத்தின் வாசலில் நின்றேன். வைத்தியர் மாடு ஒன்றின் கன்று தடைப்பட்டதென்று வெளியே போயிருந்தார். அங்கிருந்த உத்தியோகத்தர் மரியாதையாகப் பேசினார். பூனைக்கு விசர் நோய்த் தடுப்பூசி போடலாம், புழுவுக்கு மருந்து தரலாம், ஆனால் சேலைன் ஏற்றுவதற்கோ எக்ஸ்ரே எடுப்பதற்கோ அங்கு வசதியில்லை என்று ஒளிக்காமல் சொல்லி, வவுனியா நிலையத்தின் தொலைபேசி இலக்கத்தையும் ஒரு துண்டில் எழுதித் தந்தார். அந்த அலுவலகத்தை நான் குறை சொல்ல மாட்டேன். மாடும் ஆடும் கோழியுமாகக் கிடக்கும் ஒரு பெரும்பிரிவை ஒரு வைத்தியர் சுற்றிவரும்போது, என் கடுவனுக்காக அவர் கதிரையில் காத்திருக்க வேண்டுமென்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. “இண்டைக்கே கொண்டு போங்கோ, நாளைக்கு எண்டு வைக்காதேங்கோ” என்று அந்த உத்தியோகத்தர் சொன்னது, அதற்கு முந்திய நாள் எனக்குக் கிடைத்த எல்லா ஆலோசனைகளையும்விடப் பெறுமதியானது.

உடுப்புப் போடும் பிளாஸ்ரிக் கூடை இரண்டை ஒன்றின் மேல் ஒன்றாகக் கவிழ்த்துக் கயிற்றால் கட்டி, உள்ளே என் பழைய சேலையொன்றை விரித்துக் கறுவலை வைத்தேன். ஓட்டோ ஓடியவர் என்னிடம் படித்த பிள்ளை. வழி நெடுகக் கூடையைத் திரும்பிப் பார்த்தபடியே ஓடினார்.

சிகிச்சை நிலையத்தைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது, அங்கு கேட்கப்பட்ட கேள்விகளைத்தான். வைத்தியர் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். கறுவலைத் தொடுவதற்கு முன்னரே, “அம்மா, ஏதும் மருந்து குடுத்தனீங்களா? வீட்டுச் சாமான், ஆக்கள் போடுற குளிசை, எதெண்டாலும் பரவாயில்லை, ஒளிக்காமல் சொல்லுங்கோ” என்றார். நான் பாணிப் போத்தலை எடுத்துக் காட்டினேன். ஒரு துளிகூட உள்ளே போகவில்லை என்பதை இரண்டு தரம் கேட்டு உறுதி செய்துகொண்டார். அடுத்ததாக, விசர் நோய்த் தடுப்பூசி போட்டதா, எப்போது போட்டது என்று கேட்டார். நான் அட்டையைக் காட்டிய பின்னரே கறுவலின் வாயருகே கையைக் கொண்டுபோனார். வீணீர் வடித்து விழுங்க முடியாமல் தவிக்கும் பூனைக்குத் தொண்டையில் முள்ளும் இருக்கலாம், விசர் நோயும் இருக்கலாம். ஊசி போடாத பூனையின் வாய்க்குள் வீட்டிலுள்ளவர்கள் விரலை விடவே கூடாது என்றார். என் கையிலிருந்த பிறாண்டலையும் பார்த்துவிட்டு, சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவினேனா என்று கேட்டார். கழுவியிருக்கவில்லை.

பின்னர் நிறுத்தார்: 3.6 கிலோகிராம். வெப்பமானியை வைத்துப் பார்த்தார்: 38.9 பாகை. பூனைக்கு 38 முதல் 39.2 வரை இயல்பு என்பதால், பாமசிக்காரர் சொன்ன காய்ச்சல் அங்கேயே பொய்த்துப் போயிற்று. பிடரித் தோலைக் கிள்ளி விட்டபோது அது கூடாரம் போல் நின்று மெதுவாகப் படிந்தது. முரசில் விரலை வைத்தபோது ஈரமில்லாமல் ஒட்டியது. இரண்டும் உடலில் நீர் குறைந்ததற்கான அடையாளங்கள். அடிவயிற்றை இரண்டு விரல்களால் மெல்ல அமத்தி, சிறுநீர்ப்பை கல்லுப் போல் இறுகியிருக்கிறதா என்று தேடினார். கடுவன் பூனைகளுக்குச் சிறுநீர்க் குழாய் அடைத்துக்கொள்வது பொதுவானது என்றும், அடைத்தால் அவை சாப்பிடாமல் கக்கத் தொடங்கும் என்றும், திரும்பத் திரும்ப முக்குவதைக் கண்டு மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் பருக்கிக்கொண்டிருந்தால் இரண்டு மூன்று நாளில் பூனை இறந்துவிடும் என்றும் விளக்கினார். கடுவன் வைத்திருக்கும் எவரும் கக்கலைக் கண்டவுடன் அதன் சிறுநீரையும் கவனிக்க வேண்டும் என்பது நான் அங்கு கற்ற பாடங்களுள் முக்கியமானது. கறுவலுக்கு அந்தத் தொல்லை இருக்கவில்லை.

அதன் பிறகுதான் அவர் தலையைப் பின்னுக்குச் சாய்த்து வாயைத் திறந்து, பெருவிரலால் கீழ்த்தாடைக்கு நடுவே வெளியிலிருந்து மேலே அமத்தினார். நாக்கு உயர்ந்தது. உதவியாளர் ரோச் வெளிச்சத்தைப் பிடிக்க, என்னைக் கிட்ட வரச் சொன்னார். நாக்கின் அடியில், நடுத் தசையைச் சுற்றி, கண்ணாடி போன்ற ஒரு மெல்லிய இழை மாட்டியிருந்தது. அது பதிந்த இடம் சிவந்து அறுபட்டிருக்க, இழையின் இரண்டு முனைகளும் தொண்டைக்குள் இறங்கிப் போயின. தங்கூசி, மீன் வலை பின்னும் நைலோன் இழை. புதன்கிழமை பின்னேரம் முத்தையன்கட்டுக் குளத்துத் திலாப்பியா வாங்கி, கிணற்றடியில் வெட்டி, குடலையும் செவுளையும் கறுவலுக்குப் போட்டது நான்தான். வலையிலிருந்து மீனைக் கழற்றும்போது அறுந்த துண்டு செவுளில் சிக்கி வந்திருக்கிறது. தங்கூசி வலை சட்டப்படி தடைசெய்யப்பட்டதென்பது ஒருபுறமிருக்க, அது வன்னிக் குளங்களில் கிடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

நானாக இருந்தால் அந்த இடத்திலேயே பிடித்து இழுத்திருப்பேன். இழுக்கக்கூடாதாம். ஒரு முனை நாக்கிலே மாட்டி நிற்க, மற்ற முனையைக் குடல் தன் இயல்பான அசைவினால் கீழே தள்ளிக்கொண்டே இருக்கும். அப்போது, பாவாடை நாடாவை இழுத்தால் துணி நெரிந்து சுருங்குவது போலக் குடல் அந்த இழையின் மேல் சுருங்கி நிற்கும். அந்த நிலையில் வாயாலோ, குதத்தில் தொங்கும் முனையாலோ இழுத்தால் இழை வாள் போல் குடற்சுவரை அறுத்துவிடும். தையல் நூல், பொலித்தீன் நாடா, இறைச்சி கட்டிவந்த சணல் என எல்லாவற்றுக்கும் இதுவே விதி. எக்ஸ்ரேயில் தங்கூசி தெரியாது, ஆனால் குடலின் நெரிவு தெரியும் என்று சொல்லி எடுத்தார். இலேசான நெரிவு இருந்தது.

வைத்தியர் என்னை இருத்தி இரண்டு வழிகளைச் சொன்னார். ஒன்று, உடனே வயிற்றைத் திறந்து எடுப்பது. மற்றது, மயக்க ஊசி போட்டு நாக்கின் அடியில் இழையை வெட்டி, பிடியைத் தளர்த்திவிட்டு, சேலைன் ஏற்றியபடி ஒரு நாள் பார்ப்பது. காய்ச்சலும் வயிற்று நோவும் இல்லாமல், சுணங்காமல் வந்த பூனைகளில் சிலவற்றுக்கு இழை தானாகவே வெளியேறிவிடும். ஆனால் மீண்டும் கக்கினாலோ, வயிற்றைத் தொட விடாவிட்டாலோ, காய்ச்சல் ஏறினாலோ அன்றைக்கே வெட்ட வேண்டும் என்றார். சத்திரசிகிச்சைக்கு என்ன செலவு வருமென்பதையும் முன்கூட்டியே சொன்னார். வாந்தியை நிறுத்த ஓர் ஊசி போடுங்கள் என்று நான் கெஞ்சியபோது, காரணம் தெரியுமுன் அதைப் போட்டால் அடைப்பு இருப்பதே மறைந்துவிடும், ஆகையால் முதலில் போடவில்லை, இனிப் போடும்போதும் வயிற்றைக் கவனித்தபடிதான் போடுவேன் என்றார். இரண்டாம் வழியைத் தேர்ந்தேன்.

இந்த இடத்தில் நிலையத்தின் குறைகளைச் சொல்லியாக வேண்டும். முன்னங்காலில் உரோமம் வழித்துக் கனுலா போட்டு, சேலைனைத் துளித்துளியாக ஏற்ற விட்டு, கூண்டுக்குள் வைத்தார்கள். இரவு எட்டு மணிக்கு நிலையம் பூட்டப்படும் என்பதையும், காலை ஏழு மணி வரை உள்ளே ஒருவரும் இருக்கமாட்டார் என்பதையும் நான் கேட்ட பிறகுதான் சொன்னார்கள். சேலைன் ஏறும் விலங்கை ஆளில்லாமல் விடுவது சரியா என்று கேட்டதற்கு உதவியாளர் சிரித்தார், வைத்தியர் சிரிக்கவில்லை. பூட்டுவதற்கு முன் குழாயைக் கழற்றி, மிச்சத் திரவத்தைத் தோளுக்கு நடுவே தோலின் கீழ் ஏற்றிவிட்டார். கறுவலின் முதுகு ஒட்டகத் திமில் போல் புடைத்து, பிறகு அந்தப் புடைப்பு ஒரு பக்கத்து முன்னங்கால்வரை தொங்கியது. சில மணித்தியாலங்களில் உடம்பு அதை உறிஞ்சிவிடும், பயப்பட வேண்டாம் என்றார், அப்படியே நடந்தது. வழியிருந்தது, ஆனால் நான் கேட்டிருக்காவிட்டால் செய்திருப்பார்களா என்பது எனக்குத் தெரியாது. பூனையை இரவு விட்டுவிட்டு வருபவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்காமல் வரக்கூடாது.

காத்திருக்கும் இடமும் சரியில்லை. ஒரே விறாந்தையில் நாய்களும் பூனைகளும் முட்டி மோதிக்கொண்டிருக்க வேண்டும். என் பக்கத்தில் ஒரு பெரிய நாய் கூடையை முகர்ந்தபடி நின்றது. பூனைக்கு ஒரு மூலையை ஒதுக்கித் திரை போட அதிகம் செலவாகாது. தொலைபேசியை எடுப்பதற்கும் ஆளில்லை. சனிக்கிழமை காலை நான்கு தரம் அழைத்தும் பதில் வராமல், தங்கியிருந்த தங்கச்சி வீட்டிலிருந்து நடந்தே போய்ப் பார்த்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் வரை கறுவல் எதையும் தொடவில்லை, ஆனால் கக்கவும் இல்லை. இரண்டாவது எக்ஸ்ரேயில் நெரிவு குறைந்திருந்தது. அதன் பிறகு வாந்திக்கான ஊசியைப் போட்டு, நிலையத்தில் விற்கும் பைக்கற் உணவொன்றைச் சிறிய தட்டில் வைத்தார்கள். அதைக் கறுவல் மண்ணைக் கிளறி மூடுவது போல் பாவனை செய்துவிட்டுத் திரும்பிப் படுத்தது. தங்கச்சி உப்பும் வெங்காயமும் உள்ளியும் போடாமல் அவித்து, முள்ளெடுத்துப் பிசைந்த மீனை இளஞ்சூட்டோடு கொண்டுவந்தபோது மூக்கை உயர்த்தியது. ஒரு தேக்கரண்டியளவு தின்றது. இரண்டு மணித்தியாலத்துக்கொரு தரம் அவ்வளவே கொடுக்கச் சொன்னார்கள். வெங்காயமும் உள்ளியும் பூனையின் குருதிக் கலங்களை அழிப்பவை. சோற்றோடு குழம்பைப் பிசைந்து வைக்கும் நம் பழக்கத்தை நோயில்லாத நாளிலும் விட்டுவிட வேண்டும். சூட்டினால் மணம் எழும்பும். மணமில்லாத சாப்பாட்டைப் பூனை சாப்பாடென்றே எண்ணுவதில்லை. வயிற்றோட்டத்துக்குக் குடிக்கும் ஜீவனியைக் கரைத்து ஊசிக்குழாயால் பருக்கலாமா என்று கேட்டேன். கக்கும் பூனைக்கு வலிந்து பருக்கினால் அது நுரையீரலுக்குள் போகும், தண்ணீரைக் கிண்ணத்தில் வையுங்கள், பாலை மட்டும் வேண்டாம் என்றார் வைத்தியர்.

ஞாயிற்றுக்கிழமை காலை மலத்தோடு இழை வந்தது. உதவியாளர் அதைக் கழுவி அடிமட்டத்தில் வைத்துக் காட்டினார்: 22 சென்ரிமீற்றர். நடுவில் ஒரு முடிச்சு.

கட்டணம் மொத்தமாக 18,500 ரூபா என்று நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதித் தந்தார்கள். விபரம் கேட்டதும் எக்ஸ்ரே இரண்டு, மயக்க ஊசி, சேலைன், இரண்டு நாள் தங்கல் என்று பிரித்துச் சொன்னார்கள். சொன்னதில் பிழையில்லை, ஆனால் பற்றுச்சீட்டு இல்லை. ஓட்டோவுக்கு ஒரு வழிக்கு 7,000 ரூபா கொடுத்தேன். பெருந்தொகைதான். எங்கள் ஊரில் எல்லோராலும் இது முடியாது என்பதை மறைப்பதற்கில்லை. இலங்கையில் கால்நடை மருத்துவ பீடம் பேராதனையில் மட்டுமே இருக்கிறது. அங்கிருந்து வெளியேறும் ஒருவர் வன்னிக்கு வந்து எக்ஸ்ரே கருவியோடு ஒரு நிலையத்தை நடத்துகிறார் என்றால், அந்தத் தொகையை நான் கூடுதல் என்று சொல்லத் தயங்குகிறேன். பற்றுச்சீட்டு அடித்துக் கொடுக்கலாம் என்பதை மட்டும் தயங்காமல் சொல்கிறேன்.

இந்த நிலையத்துக்கோ இதுபோன்ற வேறு இடத்துக்கோ போகிறவர்கள், கக்கியதைக் கைத்தொலைபேசியில் படமெடுத்துக்கொண்டு போவது நல்லது. நுரையா, மஞ்சளா, இரத்தமா, புழுவா என்பதை வாயால் விவரிப்பதைவிடப் படம் சுருக்கமாகச் சொல்லும். காலபோகத்தில் வயலுக்கு மருந்தடிக்கும் நாள்களிலும், களஞ்சியத்தில் எலிப் பாஷாணம் வைத்த நாள்களிலும் கக்கல் தொடங்கினால் அந்த மருந்தின் போத்தலையோ உறையையோ தவறாமல் எடுத்துச் செல்லுங்கள். எது உள்ளே போனது என்று தெரியாமல் முறிவு மருந்து கொடுக்க முடியாது. உப்புத் தண்ணீர் பருக்கிக் கக்கப் பண்ணும் வேலையை நாய்க்கும் பூனைக்கும் செய்யக்கூடாது. குட்டிக்குத் தடுப்பூசி போடாமலிருந்து கக்கலும் கழிச்சலும் சேர்ந்து வந்தால், அது பூனைகளுக்கே உரிய பார்வோ வைரசாக இருக்கலாம். அப்படியானால் போகுமுன்னர் தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போவது மற்றவர்களின் குட்டிகளைக் காப்பாற்றும். தொலைபேசியை எடுப்பார்களா என்பதற்கு நான் பொறுப்பில்லை.

பத்து நாள் கழித்து மறுபடி காட்டச் சொன்னார்கள். நிறை 3.8 ஆகியிருந்தது. வைத்தியர் நாக்கைத் தூக்கிப் பார்த்து, காயம் ஆறிவிட்டது என்று சொல்லிக் காசு வாங்க மறுத்துவிட்டார். உதவியாளர் கூடையை மூடப் போனபோது கறுவல் அவருடைய கையைக் கடிக்கப் பாய்ந்தது. அவர் எட்டி நின்று, “இப்ப வடிவாச் சுகம் அம்மா” என்றார்.